கடலில் எண்ணெய் கசிந்தால் கரையில் இருப்போர் செய்ய வேண்டியவை

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபின் கரை ஒதுங்கிய கறுப்புக் கசடைப் பலர் வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்களின் வலைகளும் படகுகளும் அதில் தோய்ந்தன. உதவும் மனம் மதிக்கத்தக்கதே; ஆனால் வெறுங்கையால் கசடைத் தொடுவது தோலுக்குக் கேடு.

எண்ணெய் ஊடுருவாத கையுறையும் முழங்கால்வரை ஏறும் ரப்பர் காலணியும் இல்லாதவர்கள் கரையில் இறங்க வேண்டாம். துணி முகக்கவசம் எண்ணெய் ஆவியைத் தடுக்காது. ஆகையால் தலைவலி, குமட்டல், கண்ணெரிச்சல் தோன்றியவுடன் வேலையை நிறுத்தி, காற்று எதிலிருந்து வீசுகிறதோ அத்திசை நோக்கி விலகிச் செல்லுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆஸ்துமா உள்ளோர் அப்பகுதிக்கே செல்லலாகாது.

தோலில் ஒட்டிய எண்ணெயை நீக்க மண்ணெண்ணெயையோ தின்னரையோ பலர் நாடுகிறார்கள். அவை தோலை மேலும் புண்ணாக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவி, துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கறைபட்ட உடைகளைத் தனியாகத் துவையுங்கள்.

எண்ணெய் வாடை வீசும் மீனைச் சமைத்தாலும் மாசு நீங்காது. சிப்பி, மட்டி போன்றவை உடலில் சேர்ந்த மாசை மீன்களைவிட மெதுவாகவே வெளியேற்றுவதால், அதிகாரிகள் பரிசோதித்து அனுமதிக்கும்வரை அவற்றை அறவே தவிருங்கள்.