ரோபோவை அழவைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரை தல்லாகுளத்தில் சிலர் கூடிக் கதை வாசிக்கிறோம். போன மாதம் வந்த ஐந்து கதைகளில் மூன்று ரோபோ கதைகள். மூன்றிலும் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறுகள். ஒற்றுப்பிழை, இழுவை வாக்கியமெல்லாம் எழுத எழுதச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மனிதனைத் தப்பவிடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். புதிதாக வந்த ஒரு தங்கை வாசித்த கதை, செல்லூரில் ஒரு பாதாளச் சாக்கடையில் நடக்கிறது. அடைப்பெடுக்கும் ரோபோ பழுது. காண்ட்ராக்டர் ஓர் ஆளை உள்ளே இறங்கச் சொல்கிறார். சட்டென்று ரோபோவுக்கு இரக்கம் பிறந்து, குழியை மறித்துக்கொண்டு கண்ணீர் விடுகிறது. கதை முடிந்தது, கைதட்டல்.

"ஏம்மா, அந்த காண்ட்ராக்டர் அப்புறம் என்ன ஆனார்?" என்று கேட்டேன். அவள் யோசித்திருக்கவில்லை.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அது தெரிந்தும் ஒருவர் 'இறங்கு' என்கிறார். இன்னொருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். இறங்குகிறவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நினைத்துச் சரி என்கிறார். அறம் பற்றிய கேள்வி இந்த மூவரிடமும்தான் இருக்கிறது. ரோபோ அழுததும் மூவரும் பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நானும் இப்படித்தான் எழுதினேன். சிம்மக்கல்லில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு வெளிநாட்டிலிருந்து மகன் ஒரு ரோபோ அனுப்புகிறான். அம்மா சாகிறாள், ரோபோ அழுகிறது. ஒரு பத்திரிகையிலிருந்து 'மகன் எங்கே?' என்ற ஒற்றை வரியோடு கதை திரும்பி வந்தது. அந்தக் கோபத்தில், அழுகிற ரோபோக்களை வைத்து இன்னும் ஆறு கதைகள் எழுதினேன். இரண்டு வருஷ உழைப்பு, ஒன்றும் தேறவில்லை. பிறகு அந்த முதல் கதையைத் திருத்தினேன். ரோபோ தினமும் இரவு, "அம்மா இன்று உங்களை 4 முறை கேட்டார்" என்று மகனுக்குத் தகவல் அனுப்பும். ஒருநாள் மகன் அந்தத் தகவலை மட்டும் நிறுத்திவைக்கிறான். அதுதான் அச்சில் வந்தது.

மூன்று விதிகளை வேதமாக்குவது

அறிவியல் கதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் ரோபோக்களுக்கு வகுத்த விதிகளை (மனிதனுக்குத் தீங்கு நேரவிடாதே, அடுத்து கட்டளைக்குப் பணி, அதற்கும் அடுத்துதான் உன்னைக் காத்துக்கொள்) முதல் பத்தியிலேயே ஒப்பித்துவிட்டு, ரோபோ அதன்படி நடந்தது என்று முடிக்கிறார்கள். விதிகளை வரிசையாகச் சொன்ன அவரது 1942-ஆம் ஆண்டுக் கதையிலேயே அவை சிக்கிக்கொள்கின்றன. புதன் கிரகத்தில் செலினியம் எடுக்கப் போன ரோபோ, கட்டளைக்குப் பணிவதா, தன்னைக் காத்துக்கொள்வதா என்று தெரியாமல் செலினியம் கிடக்கும் குட்டையையே சுற்றிச் சுற்றி வருகிறது. அதை மீட்க ஒரு மனிதன் தன் உயிரைப் பணயம் வைத்து வெயிலில் போய் நிற்கிறான். அவன் நின்றதால்தான் அது கதை.

பெயர்

எக்ஸ்-100 வேண்டாம்.

இடம்

'நகரம் எண் 7'-ம் வேண்டாம். விடியும் முன் மல்லிகை மொட்டுப் பறித்துக் கூலி வாங்கும் அக்காக்களுக்குப் பக்கத்தில் ஒரு பறிக்கும் இயந்திரத்தை நிறுத்துங்கள்.

தெரியாத இயந்திரம்

ரோபோ என்ன செய்யும், எதை அளக்கும் என்று எழுதும் முன்பே விசாரியுங்கள். அந்தத் தங்கை விசாரித்திருக்கிறாள். சாக்கடையில் சேரும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். போன வாரம் புதிதாக எழுதி வந்தாள். இப்போது ரோபோ அழவில்லை, அதன் திரையில் சிவப்பு எண் ஓடுகிறது. "வாடையே இல்லையே, இறங்குப்பா" என்று சொல்லிக்கொண்டே மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரைமேல் போடுகிறார். அதுவரைதான் எழுதியிருக்கிறாள்.