கார் நிறுவனமும் சப்ளையரும்: உறவைக் கெடுக்கும் தவறுகள்

ஒரு காரை ஸ்குரூ வரை கழற்றிப் போட்டால் சுமார் 30,000 பாகங்கள் தேறும். அவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து தருவது வெளியில் இருக்கும் சப்ளையர்கள்தான். இந்த உறவில் நடக்கும் தவறுகள் அநேகமாக விலையில் ஆரம்பித்து, எதிர்பாராத வேறு இடத்தில் போய் வெடிக்கின்றன. அதில் பெரிய நஷ்டம் பணம் என்று நான் நினைக்கவில்லை. சப்ளையர் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடுகிறாரே, அதுதான் பெரிய நஷ்டம்.

ஆண்டுக்கு ஆண்டு விலையைக் குறைக்கச் சொல்வது இந்தத் தொழிலில் வழக்கம். உற்பத்தி கூடக் கூடச் செலவு குறையும், அதில் ஒரு பங்கைக் கேட்பது நியாயமும்கூட. ஆனால் செலவு எங்கே குறையும் என்று உட்கார்ந்து பார்க்காமல், வெறும் சதவீதத்தை மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். சப்ளையர் அதை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். பாகங்களை வடிக்கும் அச்சான டையின் பராமரிப்பு தள்ளிப்போகும். தரம் பார்க்க நிற்கும் ஆட்களில் ஒருவர் குறைவார். பர்ச்சேஸ் ஆர்டரில் இதெல்லாம் தெரியாது. விலை குறைந்தது மட்டும்தான் தெரியும்.

இதற்கு இரண்டு பக்கமும் உதாரணமாக நிற்பது அமெரிக்கக் கார் நிறுவனமான கிரைஸ்லர். 1989-இல் அது ‘ஸ்கோர்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. செலவைக் குறைக்க உங்களுக்கு என்ன தோன்றுகிறது, எங்கள் பக்கம் எதை மாற்ற வேண்டும் என்று சப்ளையர்களிடம் யோசனை கேட்டது. மிச்சமாகும் தொகையில் பாதியை அவர்களே வைத்துக்கொள்ளலாம். 1995 முடிவதற்குள் 5,300 யோசனைகள் நடைமுறைக்கு வந்து, ஆண்டுக்கு 170 கோடி டாலருக்கு மேல் மிச்சமானது. அப்புறம் 1998-இல் ஜெர்மன் நிறுவனமான டைம்லருடன் இணைப்பு நடந்தது. நஷ்டம் தலைகாட்டியதும் 2000 டிசம்பரில் சப்ளையர்களுக்கு அறிவிப்பு போனது: ஜனவரி 1 முதல் 5 சதவீதம் குறைக்க வேண்டும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் இன்னும் 10 சதவீதம். யோசனை சொல்லி வந்தவர்களிடம் இப்படிக் கேட்டால், அதன் பிறகு எவர் வாய் திறந்து யோசனை சொல்வார்?

சப்ளையரின் டிராயிங்கை அவருடைய போட்டியாளரிடம் காட்டி விலை கேட்பது இதைவிட மோசம். 1992-இல் ஜெனரல் மோட்டார்ஸின் கொள்முதல் தலைவராக வந்த ஹோசே இக்னாசியோ லோபெஸ், நடப்பில் இருந்த ஒப்பந்தங்களையே திறந்து மறுபடி விலைப்புள்ளி கேட்டார். தங்கள் வடிவமைப்புகள் போட்டியாளர்கள் கைக்குப் போயின என்று சப்ளையர்கள் அப்போதே புகார் சொன்னார்கள். அவர் அடுத்த ஆண்டே ஃபோக்ஸ்வேகனுக்குப் போய்விட்டார். உறவில் விழுந்த விரிசல் அவருக்குப் பின்னும் பல காலம் இருந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் சப்ளையர் அதை முதலில் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவார் என்பது இதையெல்லாம் வைத்துத்தான் முடிவாகிறது.

அடுத்த தவறு பார்க்கச் சின்னது, விளைவு பயங்கரமானது. பாகத்தை மாற்றிவிட்டு பார்ட் நம்பரை மாற்றாமல் விடுவது. ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்சை டெல்ஃபி செய்து கொடுத்தது. சுவிட்சுக்குள் ஸ்பிரிங்கோடு சேர்ந்த பிளஞ்சர் என்ற ஒரு சிறு முளை உண்டு. சாவியை அதன் நிலையில் பிடித்து வைப்பது அதுதான். அந்தப் பிடிப்பு நிர்ணயித்த அளவைவிடத் தளர்வாக இருந்தது. ஓடும்போது முழங்கால் பட்டாலோ, கனமான சாவிக்கொத்து ஆடினாலோ சாவி நழுவி இன்ஜின் நின்றுவிடும். ஏர்பேக்கும் வேலை செய்யாது. 2006-இல் கார் நிறுவனத்தின் ஒப்புதலோடு பிளஞ்சரும் ஸ்பிரிங்கும் மாற்றப்பட்டன. நம்பர் மட்டும் பழையதே. பழைய கார்களில் விபத்து வருகிறது, புதியவற்றில் வரவில்லை, ஆனால் காகிதத்தில் இரண்டும் ஒரே பாகம். விசாரித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் குழம்பினார்கள். வழக்கு ஒன்றுக்காக இரண்டு சுவிட்சுகளைப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் வெளியே வந்தது. 2014-இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. மாற்றம் எவ்வளவு சின்னதானாலும் புது நம்பர், தேதி, கையெழுத்து மூன்றும் வேண்டும். “போனில் சொல்லிட்டோம், பார்த்துக்குவாங்க” என்று ஒருபோதும் விடக் கூடாது.

ஒரே சப்ளையரை நம்பியிருப்பது தவறா என்று பலர் கேட்பார்கள். அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் காரியா நகரில், டொயோட்டாவின் சப்ளையரான ஐசினின் ஆலை எரிந்தது. பின்சக்கர பிரேக் அழுத்தத்தைச் சீராக்கும் பி-வால்வை டொயோட்டாவுக்கு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் அனுப்பினார்கள். கையிருப்போ சில மணி நேரத்துக்கு மட்டுமே. டொயோட்டாவின் உற்பத்தி லைன்கள் நின்றன. ஆனால் தையல் மெஷின் செய்யும் பிரதர் நிறுவனம் உட்பட ஏராளமான நிறுவனங்கள், விலை பேசி முடிப்பதற்கு முன்பே, கிடைத்த இயந்திரங்களில் வால்வு செய்யத் தொடங்கின. ஒரே வாரத்துக்குள் லைன்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. ஒற்றைச் சப்ளையரை வைத்திருப்பவர்கள் இப்படி உதவிக்கு வர ஆட்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது ஆளை ஏற்பாடு செய்துகொள்வதே நல்லது.

நேரடி சப்ளையரோடு பார்வையை நிறுத்திக்கொள்வதும் தவறு. 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஃபோர்டு, கறுப்பு, சிவப்பு வண்ணங்களில் சிலவற்றுக்கு ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று டீலர்களிடம் சொன்னது. பெயின்டில் மினுமினுப்புக்குச் சேர்க்கும் சிராலிக் என்ற நிறமியை, நிலநடுக்கத்தில் நின்றுபோன மெர்க் நிறுவனத்தின் ஒனஹாமா ஆலை மட்டும்தான் செய்துவந்தது. பெயின்ட் விற்பவர்கள் பலர் இருந்தும், நிறமி ஒரே இடத்திலிருந்துதான் வந்தது.

ஆர்டரை நிறுத்திவிட்டால், வேண்டும்போது திரும்ப ஆரம்பித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் விலை கொடுக்க வைக்கும். 2020-இல் பெருந்தொற்று வந்ததும் கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை வெட்டின. சிப் ஆலைகள் அந்த இடத்தை போன், லேப்டாப் நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டன. கார் விற்பனை திரும்பியபோது வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதாயிற்று. ஒரு சிப் செய்து முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். 2011-க்குப் பிறகு சிப்களை மாதக்கணக்கில் இருப்பு வைக்கச் சப்ளையர்களிடம் சொல்லியிருந்த டொயோட்டா, மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் அடி வாங்கியது. உங்கள் ஷெட்யூலை நம்பித்தான் சப்ளையர் இயந்திரம் வாங்குகிறார், ஆள் எடுக்கிறார். எண்ணிக்கை குறையப் போகிறது என்று தெரிந்த அன்றே அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

சரி, சப்ளையர்கள் பக்கமும் தவறு உண்டு. ஆர்டரைப் பிடிக்க நஷ்டத்துக்கு விலை போட்டுவிட்டு, பிற்பாடு வரும் டிசைன் மாற்றங்களில் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவது. முடியாத எண்ணிக்கைக்குத் தலையாட்டுவது. எல்லாவற்றையும்விடக் கொடியது, சோதனை முடிவைத் திருத்திக் கொடுப்பது. ஏர்பேக்கை ஊதிப் பெருக்கும் இன்ஃப்ளேட்டர்களின் சோதனைத் தரவுகளைக் கார் நிறுவனங்களுக்குப் பொய்யாகக் கொடுத்ததை ஜப்பானின் ஏர்பேக் நிறுவனமான டகாட்டா 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூனில் திவாலானது. உயிரைக் காக்க வேண்டிய பாகமே வெடித்து ஆட்களைக் கொன்றது. இப்படிப்பட்ட பாகத்தில், வாங்குபவரும் சப்ளையரின் அறிக்கையை மட்டும் நம்பக் கூடாது. தானும் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

சண்டையில் பாகத்தை நிறுத்தி வைப்பதையும் சொல்ல வேண்டும். 2016 ஆகஸ்டில் பிரிவென்ட் என்ற சப்ளையர் குழுமத்தைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள், ரத்தான ஆர்டருக்கு இழப்பீடு கேட்டு ஃபோக்ஸ்வேகனுக்குச் சீட் கவரும் கியர்பாக்ஸ் பாகமும் அனுப்புவதை நிறுத்தின. ‘கோல்ஃப்’ கார் உற்பத்தி நின்றது, சுமார் 28,000 ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். விடிய விடியப் பேசி ஒரு சமரசம் எட்டப்பட்டது. 2018-இல் ஃபோக்ஸ்வேகன் அந்தக் குழுமத்தின் ஒப்பந்தங்களை முறித்துக்கொண்டது. ஆர்டர் ரத்தானால், அந்தப் பாகத்துக்காகச் செய்த அச்சு, கருவிகளின் செலவு (டூலிங்) யாருடையது, செய்து வைத்த சரக்கை யார் எடுத்துக்கொள்வது, தகராறு வந்தால் எத்தனை நாளுக்குள் யார் யார் உட்கார்ந்து பேசுவது என்பதை முதல் பாகம் போவதற்கு முன்பே இரு தரப்பும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.