உள்ளங்காலுக்குப் பத்து நிமிடம்

உள்ளங்காலின் ஒவ்வோர் இடமும் உடலின் ஓர் உறுப்போடு தொடர்புடையது என்ற நம்பிக்கையில் விரலால் அழுத்துவதுதான் ரிஃப்ளெக்ஸாலஜி. 1930களில் அமெரிக்காவின் யூனிஸ் இங்ஹாம் இதற்குப் பாத வரைபடமே தயாரித்தார். அந்த வரைபடத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நோய் தீரும் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் நாளெல்லாம் நின்று வேலை செய்த காலுக்கு இது சுகம்.

முதலில் உங்கள் கைக் கட்டைவிரல் நகத்தை வெட்டுங்கள். (வெட்டாமல் பிடித்துவிட்டு அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.) பிடித்துவிடப்போகிறவரின் பாதத்தைக் கழுவித் துடைத்து, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் தடவுங்கள். கட்டைவிரலை மடக்கி நிமிர்த்தி, கம்பளிப்புழு ஊர்வதுபோல் குதிகாலிலிருந்து விரல்கள்வரை நகர்த்துங்கள். முன்பாத மேட்டுக்குச் சற்றுக் கீழே, நடுவில், ஒரு பள்ளம் தட்டுப்படும். அங்கே அரை நிமிடம் அழுத்தி, அவரை மூச்சை மெல்ல விடச் சொல்லுங்கள். தோள் தானாகத் தளர்வதைப் பார்ப்பீர்கள். வலித்தால் அழுத்தம் அதிகம்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள், காலில் புண்ணோ இரத்தக் கட்டியோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. மாத்திரைகளையும் நிறுத்தக் கூடாது.

முடிந்ததும் எண்ணெயைத் துடைத்துவிட்டே அவரை எழச் சொல்லுங்கள். மொசைக் தரை வழுக்கும்.