மோட்டார் காயில் எரியறதுக்கு முன்னாடியே கோளாற பிடிச்சது - என் அனுபவம்

பாலக்கோடு பக்கம் தக்காளி தோட்டம் நமக்கு, போர்ல 7.5 எச்பி சப்மெர்சிபிள் மோட்டார். போன கோடையில மோட்டார் காயில் (உள்ள சுத்தியிருக்கற கம்பிச் சுருள்) எரிஞ்சு, பைப்பெல்லாம் மேல தூக்கி காயில் கட்டி இறக்கறதுக்குள்ள பாதி செடி வாடிப்போச்சு, பாத்து அழுகையே வந்துருச்சுங்க. அதுக்கப்புறம் ஒயர சுத்தி மாட்டி கரண்ட் அளக்கற க்ளாம்ப் மீட்டர் ஒண்ணு வாங்கி வாரம் ஒரு தடவ மூணு பேஸ்லயும் ஆம்பியர் பாத்து நோட்டுல எழுதிட்டு வர்றேன். எப்பவும் மூணும் 13 கிட்டதான் நிக்கும்.

போன மாசம் ஒரு நாள் ரெண்டு பேஸ் 15க்கு ஏறி ஒண்ணு மட்டும் 10க்கு இறங்கிருச்சு, தண்ணி வழக்கம்போலதான் கொட்டுது, கரண்ட் அதிகமானா மோட்டார நிறுத்தற ரிலேவும் ட்ரிப் ஆகல. லைன்லதான் கோளாறுன்னு நெனச்சு மெயின் கிட்ட வோல்டேஜ் பாத்தா மூணும் சமமா இருக்கு. மெயின ஆஃப் பண்ணிட்டு ஸ்டார்ட்டர தொறந்தா கரண்ட் இறங்குன அந்த பேஸோட காண்டாக்டர் (மோட்டாருக்கு கரண்ட் சேத்து விடற சுவிட்ச்) பாயிண்ட் கருகி, ஒயர் முனை உருகி கெடக்கு. அது முழுசா விட்டுருந்தா மோட்டார் ரெண்டு பேஸ்ல ஓடி மறுபடி காயில் போயிருக்கும்.

நம்ம மச்சான் எலக்ட்ரீசியன், அவரு வந்து பாயிண்ட மாத்தி, ஒயர வெட்டி முனைல புது லக் (ஒயர இறுக்கி மாட்டற உலோகத் துண்டு) அடிச்சாரு, அப்படியே இன்சுலேஷன் பாக்கற மெக்கர் மீட்டர் போட்டு மோட்டார் இன்சுலேஷனும் பாத்துட்டாரு, நல்லா இருக்கு. இப்ப மறுபடி மூணும் 13.