மொறிஸ் மைனர் எஞ்சினும் எஸ்யூ காபரேட்டரும்: நட்டைத் திருக முதல் பாக்க வேண்டியது

பழைய மொறிஸ் மைனர் வாங்கிற ஆக்கள் முதல் ஞாயிற்றுக்கிழமையே செய்யிற வேலை, பொனற்றைத் திறந்து காபரேட்டருக்கு (பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்கிற சாமான்) கீழ கிடக்கிற, பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற நட்டைப் பிடிச்சுத் திருகிறதுதான். நானும் அதைத்தான் செய்தனான். லண்டனில வாங்கின கார், யாழ்ப்பாணத்தில அப்பா வச்சிருந்த அதே மொடல், அந்த ஆசையில கை சும்மா இருக்கேல்ல. மூண்டு மாசம் நட்டைத் திருகித் திருகிப் பாத்தும் ஏத்தத்தில கார் இழுக்கேல்ல. கடைசியில பாத்தா பிழை நட்டில இல்ல, எனக்கு என்ர எஞ்சின் என்னதெண்டே தெரியேல்ல. லொக் புக்கில 948 சிசி எண்டு கிடந்தது, அதை நம்பி 948க்குரிய காபரேட்டர் ஊசி வாங்கிப் போட்டன், ஆனா உள்ளுக்கை இருந்தது 1098. ஆரோ எப்பவோ எஞ்சினை மாத்திப்போட்டு பேப்பரை மாத்தேல்ல.

அதால முதல் வேலை எஞ்சினை அடையாளம் பிடிக்கிறது. மைனர் 1948இல வரேக்க 918 சிசி சைட் வால்வ் எஞ்சின் (வால்வ் எல்லாம் சிலிண்டருக்குப் பக்கத்தில), பிளக் எல்லாம் ஹெட்டுக்கு மேல நேராக் குத்தி நிக்கும், மேல வால்வை மூடிற ரொக்கர் கவர் எண்டு ஒண்டு இராது. ஒஸ்ரினும் மொறிஸும் 1952இல சேந்து பிஎம்சி எண்ட ஒரே கொம்பனி ஆன பிறகு ஒஸ்ரினின்ர ஏ சீரிஸ் எஞ்சின் மைனருக்கை வந்துது, முதல் 803 சிசி, 1956இல 948, 1962இல 1098. இந்த மூண்டும் வெளியால பாக்க அண்ணன் தம்பி மாதிரித்தான், கண்ணால பாத்து இதுதான் எண்டு சொல்லிற ஆக்களை நான் நம்பிறேல்ல. பற்றரியைச் சாச் பண்ணிற டைனமோவுக்கு மேல, புளொக்கின்ர வலப்பக்கத்தில ஒரு சின்னத் தகடு அடிச்சிருக்கும், மண்ணெண்ணெயும் பிரஷும் எடுத்து வடிவாத் துடைச்சுப் பாருங்கோ. 9எம் எண்டு தொடங்கினா 948, 10எம்ஏ எண்டு தொடங்கினா 1098. நடுவில எச் எண்டு எழுத்து நிண்டா ஹை கொம்பிரஷன், எல் எண்டா லோ. தகடு இல்லாட்டி, இல்ல சந்தேகமா இருந்தா, ஹெட் கழட்டிற நாளில போரை, அதாவது சிலிண்டர் ஓட்டையின்ர அகலத்தை, அளந்து பாருங்கோ: 803க்கு 58 மில்லிமீற்றர், 948க்கு 62.9, 1098க்கு 64.6. ஆராவது 1275 எஞ்சின் தூக்கிப் போட்டிருந்தா அது லேசாப் பிடிபடும், மற்ற மூண்டிலயும் மனிபோல்ட் (காத்தும் புகையும் போற குழாய்) பக்கத்தில தப்பற் கவர் எண்ட மூடி ரெண்டு இருக்கும், 1275இல பெரும்பாலும் அது இராது.

பேரை வச்சும் ஏமாறாதேங்கோ. ஒஸ்ரின் ஏ40 எண்டா எங்கட ஊர் ஆக்களுக்கு டெவன், சொமர்செற் தான், அது 1200 சிசி வேற எஞ்சின், ஆனா 1958இல வந்த ஏ40 ஃபரீனாவில ஏ சீரிஸ் 948 தான் கிடக்கு, ரெண்டுக்கும் சாமான் ஒண்டுக்கொண்டு போகாது. அதேமாதிரி ட்ரையம்ப் ஹெரால்டிலயும் 948 சிசி எண்டு வரும், சென்னையில ஸ்ராண்டேட் ஹெரால்டாப் பிறகு வந்த அந்தக் குடும்பம், அதுவும் முழுக்க வேற எஞ்சின், சிசி ஒண்டெண்டதுக்காக காஸ்கெற் ஓடர் பண்ணிப் போடாதேங்கோ. அம்பாசடர் எண்டா பி சீரிஸ், 1489 சிசி, அதுவும் வேற சாதி.

ஸ்பானர் விசயம் ஒண்டு. ஏ சீரிஸில அநேகமா யூஎன்எஃப் எண்ட இஞ்சி அளவு திரெட், 7/16, 1/2, 9/16 இஞ்சி ஏஎஃப் ஸ்பானர் (நட்டின்ர எதிரெதிர்ப் பக்கத்துக்கு இடையில அளக்கிறது) வேணும். 13 மில்லிமீற்றர் ஸ்பானர் 1/2க்குப் போகும்தான், ஆனா லூசாப் போகும், ரெண்டு தரம் கழட்ட நட்டின்ர மூலை எல்லாம் உருண்டு போயிடும். அந்தப் பழைய 918 எஞ்சினில திரெட் மெற்றிக், நட்டின்ர தலை விட்வேத் எண்ட பழைய இங்கிலிஸ் அளவு, ஆற்ற மூளையோ தெரியாது.

சரி, இனி வேலைக்கு வருவம். காபரேட்டரைத் தொடாதேங்கோ, முதல் தப்பற், அதாவது வால்வுக்கும் அதை அமத்திற ரொக்கருக்கும் இடையில இருக்கிற இடைவெளி. எஞ்சின் நல்லா ஆறி இருக்கோணும், இன்லெற் எக்ஸோஸ்ற் எல்லாத்துக்கும் 0.012 இஞ்சி. பிளக்கைக் கழட்டிப்போட்டு டொப் கியரில காரை மெல்லத் தள்ள எஞ்சின் சுத்தும். ஒன்பது கணக்கு ஒண்டு இருக்கு: எந்த வால்வ் முழுக்கத் திறந்து நிக்குதோ அதின்ர நம்பரை ஒன்பதில கழியுங்கோ, வாற நம்பர் வால்வைத்தான் இப்ப செற் பண்ணோணும். ஒண்டு திறந்து நிண்டா எட்டைப் பாருங்கோ, மூண்டு நிண்டா ஆறு. ஃபீலர் கேஜ் கொஞ்சம் உரசிக்கொண்டு வரோணும், இறுக்கி வைக்கிறதை விட ஒரு நூல் லூசா இருந்தா சத்தம் மட்டும்தான், இறுக்கினா வால்வ் எரியும்.

பிறகு டிஸ்ரிபியூற்றருக்கை இருக்கிற பொயின்ற்ஸின்ர இடைவெளி, 0.014இல இருந்து 0.016 இஞ்சி, பிளக் 0.025. ஃபயரிங் ஓடர், அதாவது சிலிண்டர் பத்திற வரிசை, 1-3-4-2, ரோட்டர் மணிக்கூட்டுக்கு எதிராச் சுத்தும், பிளக் வயரை மாறிக் குத்திப்போட்டு காபரேட்டரைத் திட்டின ஆக்கள் கனபேர். இன்னொண்டு, உந்தக் கார் பொசிற்றிவ் ஏர்த், ஆரும் மாத்தாட்டி பற்றரியின்ர பிளஸ் தான் பொடிக்குப் போகும், ஜம்ப் ஸ்ராட் குடுக்கேக்க கவனம்.

பெற்றோல் பம்ப் எஸ்யூ எலெக்ற்றிக். சாவி போட்டவுடன டக் டக் எண்டு கொஞ்சம் அடிச்சுப்போட்டு நிக்கோணும். எஞ்சின் ஓடாமலே தொடர்ந்து அடிச்சுக்கொண்டிருந்தா ஒண்டில் எங்கயோ காத்து இழுக்குது, இல்லாட்டி காபரேட்டரின்ர ஃப்ளோட் ஊசி மூடேல்ல, பெற்றோல் வழியுதோ எண்டு மணந்து பாருங்கோ.

இனித்தான் எஸ்யூ காபரேட்டர். இதில ஒரு கதை, இதைக் கண்டுபிடிச்ச ஸ்கின்னர் குடும்பம் சப்பாத்து வியாபாரம் செய்த ஆக்கள், முதல் வந்ததில பிஸ்ரனுக்குப் பதிலா தோல் துருத்தி தான் இருந்தது. மைனர் 1000இல (948, 1098 எஞ்சின் போட்ட கார்) பின்னுக்கு வந்தது எச்எஸ்2 எண்ட மொடல். அந்த ரெண்டு எண்டது எட்டில ரெண்டு, ஒரு இஞ்சியோட அதைக் கூட்டினா ஒண்டேகால் இஞ்சி வாய், எச்எஸ்4 எண்டா ஒண்டரை. வேலை செய்யிற விதம் லேசு: எஞ்சின் காத்தை இழுக்க இழுக்க பிஸ்ரன் மேல எழும்பும், அதோட சேந்து கூரான ஊசியும் ஜெட்டுக்குள்ள (பெற்றோல் வாற சின்னக் குழாய்) இருந்து எழும்பும், ஊசி மெலிய மெலிய பெற்றோல் கூட வரும். அவ்வளவுதான். அதால பிஸ்ரன் தடங்கலில்லாமல் ஏறி இறங்கிறதுதான் உயிர். எயர் கிளீனரைக் கழட்டிப்போட்டு விரலால பிஸ்ரனைத் தூக்கி விடுங்கோ, டொக் எண்டு வந்து அடியில இருக்கோணும். இருக்காட்டி மேல் மூடியில அடையாளம் கீறிப்போட்டுக் கழட்டி, பிஸ்ரனையும் மூடியின்ர உள்பக்கத்தையும் பெற்றோல் நனைச்ச சீலையால துடையுங்கோ. எமரி பேப்பர் வேண்டவே வேணாம். பிஸ்ரன் பக்கத்துக்கு ஒயில் பூசவும் வேணாம், நடுத் தண்டுக்கு மட்டும் ஒரு துளி. பிஸ்ரனும் மூடியும் சோடி, இன்னொரு காபரேட்டரின்ர மூடி இதுக்குப் போடேலாது.

ஊசியின்ர தண்டில எழுத்து வெட்டியிருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கோ. 948க்கு எம், 1098க்கு ஏஎன். இதுதான் நான் மூண்டு மாசம் அழுத இடம். ஊசியின்ர தோள் பிஸ்ரனின்ர அடித்தளத்தோட மட்டமா இருக்கோணும். அதுக்குப் பிறகும் பிஸ்ரன் ஒட்டினா ஜெட் நடுவில இல்ல எண்டு அர்த்தம். ஜெட்டின்ர லொக் நட்டை லூசாக்கி, ஜெட்டை மேல முழுக்க ஏத்தி, பிஸ்ரனை கீழ அமத்திப் பிடிச்சுக்கொண்டு நட்டை இறுக்குங்கோ, முதல் தரமே சரிவந்தா நீங்கள் அதிர்ஷ்டக்காரர்.

மேல, பிஸ்ரன் திடீரெண்டு எழும்பாமல் தடுக்கிற டாம்பருக்கு 20 கிரேட் எஞ்சின் ஒயில். மூடியை இறக்கேக்க திரெட் பிடிக்க கால் இஞ்சி முதலே தடை தெரிஞ்சா அளவு காணும். ஒயில் வத்தினா அக்சிலரேட்டரைத் திடீரெண்டு அமத்தேக்க எஞ்சின் திக்கும்.

மிக்ஸ்சர் செற் பண்ண எஞ்சின் நல்லாச் சூடா இருக்கோணும். ஜெட் நட்டை முழுக்க மேல ஏத்தி, அங்க இருந்து 12 பட்டை (நட்டின்ர ஒரு பக்கம் ஒரு பட்டை), அதாவது ரெண்டு முழுச் சுத்து, கீழ இறக்கித் தொடங்குங்கோ. கீழ போனா பெற்றோல் கூடும், மேல போனா குறையும். பிறகு அடியில இருக்கிற சின்னப் பின்னை (கம்பியை) மேல தள்ளி பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைய, 1/32 இஞ்சி மட்டும் தூக்குங்கோ. எஞ்சின் வேகம் ஏறி அப்பிடியே நிண்டா பெற்றோல் கூட, உடனே விழுந்தா குறைவு, கொஞ்சம் ஏறிப்போட்டு இறங்கினா சரி. ஒரு நேரத்தில ஒரு பட்டைதான். குளிரில ஸ்ராட் பண்ண இழுக்கிற சோக்கை இழுத்து விட்டா ஜெட் திரும்ப மேல வந்து நட்டில முட்டுதோ எண்டும் பாருங்கோ, கனநாள் நிண்ட காரில அது அரைவாசியில நிண்டிடும்.

என்ன செய்தும் ஐடில், அதாவது அக்சிலரேட்டரை அமத்தாமல் ஓடிற வேகம், ஒரு இடத்தில நிக்காட்டி த்ரொட்டில் தண்டு தேய்ஞ்சிருக்கும். கையால ஆட்டிப் பாத்தாலே தெரியும், அந்த இடைவெளியால காத்துப் போகுது, அதுக்கு புஷ் (தண்டு சுத்திற வளையம்) அடிக்கிறதைத் தவிர வேற மருந்தில்ல.

பெற்றோல் பற்றி. இங்க பிரித்தானியாவில 2021 செப்ரெம்பரில இருந்து சாதாரண பெற்றோல் ஈ10 (பத்து வீதம் வரை எத்தனோல்), நான் சூப்பர் ஈ5 தான் அடிக்கிறன். எத்தனோல் பழைய றப்பர் ஹோசைத் தின்னும், பழைய எச் வகை காபரேட்டரின்ர கோர்க் வளையங்களும் லேசில ஒழுக வெளிக்கிடும். ஈயம் இல்லாத பெற்றோலுக்கு எக்ஸோஸ்ற் வால்வ் இருக்கையும் மெல்லத் தேயும், தப்பற் இடைவெளி தானாக் குறைஞ்சுகொண்டு போனா அதுதான், ஹெட் கழட்டிற நேரம் கடின இருக்கை போடுவியுங்கோ. அப்பாவின்ர கார் தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக்கை மண்ணெண்ணெயில ஓடினது, ஸ்ராட் பண்ண மட்டும் காபரேட்டர் வாய்க்கை கொஞ்சம் பெற்றோல் விடுவார், ஆனா எரியாத மண்ணெண்ணெய் சம்புக்கை (அடியில ஒயில் நிக்கிற தட்டு) இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிறதால அடிக்கடி ஒயில் மாத்தவும் வேணும். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல, 20டபிள்யூ-50 மினரல் ஒயில் ஃபில்டரோட சேத்து 3.7 லீற்றர் போகும்.

எல்லாம் முடிய ஒரு கால் மணித்தியாலம் ரோட்டில ஓட்டிப்போட்டு பிளக்கைக் கழட்டுங்கோ. மண்ணிறமா இருந்தா நட்டு எத்தினையாம் பட்டையில நிக்குதெண்டு கொப்பியில எழுதி வச்சுக்கொண்டு பொனற்றை மூடுங்கோ.