வேலை போன வாரமே அன்எம்ப்ளாய்மென்ட் க்ளெய்ம் போடுங்க: கலிஃபோர்னியால ஒவ்வொரு ஸ்டெப்பா எப்படி பண்றது

காலைல பத்து மணிக்கு காலண்டர்ல திடீர்னு ஒரு 15 நிமிஷ மீட்டிங் வந்து உக்காரும், தலைப்பு ஒண்ணும் இருக்காது, உள்ள போனா மேனேஜர் பக்கத்துல ஹெச்ஆர். பே ஏரியால இருக்குற நம்மாளுங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டாம். எனக்கும் அப்படித்தான் ஆச்சு. அன்னிக்கு சாயங்காலம் ஊருக்கு ஃபோன் பண்ணி அம்மாகிட்ட கூட சொல்லல, அப்புறம் எங்க போய் அன்எம்ப்ளாய்மென்ட்டுக்கு, அதாவது வேலை போனவங்களுக்கு மாநிலம் வாரக் கணக்குல குடுக்குற காசுக்கு, அப்ளை பண்றது. "சர்க்கார்கிட்ட கை நீட்டணுமா"ன்னு ஒரு வறட்டு கௌரவம், அதோட செவரன்ஸ் (வேலைய விட்டு அனுப்பும்போது கம்பெனி குடுக்குற காசு) வேற 10 வாரம் வருது, அது முடியட்டும்னு சும்மா இருந்துட்டேன். அந்த சும்மா இருந்ததுக்கு விலை 4,500 டாலர், கணக்கு கீழ வருது. அடுத்த ஏப்ரல்ல டாக்ஸ்ல இன்னொரு அடி. ரெண்டையும் நீங்க வாங்க வேண்டாம்னுதான் எழுதுறேன்.

முதல்ல கௌரவப் பிரச்னைய முடிச்சுடுவோம். இது தானம் இல்ல, இன்ஷூரன்ஸ். 1932ல விஸ்கான்சின் மாநிலம் முதல்ல சட்டம் போட்டுச்சு, 1935ல சோஷியல் செக்யூரிட்டி சட்டத்தோட நாடு பூரா வந்துச்சு. இதுக்கான ப்ரீமியத்த உங்க கம்பெனி உங்க பேர்ல கட்டிட்டே இருந்திருக்கு, கலிஃபோர்னியால ஒவ்வொரு ஆளோட சம்பளத்துலயும் வருஷத்துக்கு முதல் 7,000 டாலருக்கு. கார் இடிச்சா இன்ஷூரன்ஸ் கேக்க வெட்கப்படுவோமா, அதே மாதிரிதான் இதுவும்.

ஸ்டெப் 1: நமக்குக் கிடைக்குமான்னு பாருங்க

சிட்டிசன், க்ரீன் கார்டு, ஹெச்4 ஈஏடி (ஹெச்1பி விசாக்காரரோட கணவன் அல்லது மனைவிக்குக் கிடைக்கிற வேலை பர்மிட்) மாதிரி எங்க வேணா வேலை பாக்கலாம்னு பர்மிட் இருக்குறவங்க எல்லாரும் போடலாம். ஹெச்1பி (ஒரு கம்பெனி மூலமா வாங்குற வேலை விசா) ஆளுங்களுக்கு கசப்பான விஷயம், பொதுவா கிடைக்காது. ஏன்னா "இன்னிக்கே வேலை குடுத்தா இன்னிக்கே சேர ரெடி"ன்னு இருக்கணும்ங்கிறது அடிப்படை ரூல், ஹெச்1பிக்கு வேலை போனதும் அதிகபட்சம் 60 நாள் க்ரேஸ் பீரியட் உண்டு ஆனா அடுத்த கம்பெனி பெட்டிஷன் ஃபைல் பண்ற வரைக்கும் வேலை பாக்க முடியாது. கம்பெனி உங்களுக்காக ப்ரீமியம் கட்டியிருந்தாலும் இதே கதைதான், நியாயமான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல.

அடுத்தது, உங்க தப்பு இல்லாம வேலை போயிருக்கணும். லே ஆஃப்னா பிரச்னையே இல்ல. நீங்களா ரிசைன் பண்ணிருந்தா வலுவான காரணம் காட்டணும். பெர்ஃபார்மன்ஸ் சரியில்லன்னு தூக்கிட்டாங்கன்னா பலர் நமக்குக் கிடைக்காதுன்னு தாங்களே முடிவு பண்ணிடுறாங்க, அது தப்பு, வேணும்னே செஞ்ச ஒழுங்கீனம்தான் தடை, வேலை சரியா வரலங்கிறது தடை இல்ல. போட்டுட்டு அவங்க முடிவு பண்ணட்டும்.

எந்த மாநிலத்துல போடணும்? நீங்க உக்காந்து வேலை பாத்த மாநிலத்துல. கம்பெனி ஹெட் ஆஃபீஸ் டெக்சஸ்ல இருந்தாலும் நீங்க சான் ஹோசே வீட்டுலருந்து வேலை பாத்தீங்கன்னா கலிஃபோர்னியாதான், இங்க அத கவனிக்கிறது ஈடிடிங்கிற மாநில அரசுத் துறை. மத்த மாநிலத்துல ரூல் நிறைய மாறும், உதாரணத்துக்கு ஃப்ளோரிடால வாரத்துக்கு அதிகபட்சம் 275 டாலர்தான்.

ஸ்டெப் 2: செவரன்ஸ் முடியட்டும்னு காத்திருக்காதீங்க

நான் விழுந்த குழி இதுதான். கலிஃபோர்னியால வேலைய விட்டு அனுப்பினதுக்கு அப்புறம் தர்ற செவரன்ஸ் பொதுவா அன்எம்ப்ளாய்மென்ட்ட குறைக்காது, மீதி லீவுக்குக் குடுக்குற காசும் அப்படித்தான். (நோட்டீஸ் பீரியட்ல உங்களை பேரோல்லயே வச்சிருந்தா கதை வேற, கடைசி தேதி எதுன்னு லெட்டர்ல நல்லா பாருங்க.) நான் இத தெரியாம 10 வாரம் உக்காந்திருந்தேன். மொத்தம் கிடைக்க வேண்டிய தொகை அதனால குறையல, ஒரு வருஷத்துக்குள்ள வாங்கிக்கலாம், ஆனா எனக்கு அஞ்சாவது மாசம் வேலை கிடைச்சுடுச்சு, அப்புறம் எங்க வாங்குறது. 10 வாரம் இன்ட்டு வாரத்துக்கு அதிகபட்சத் தொகை 450 டாலர், அதான் அந்த 4,500.

க்ளெய்ம் எப்ப ஆரம்பிக்கும்னா, நீங்க ஃபைல் பண்ற வாரத்தோட ஞாயித்துக்கிழமைல இருந்து. அவங்க கணக்குல வாரம்னா ஞாயிறு டு சனி. சனிக்கிழமை ராத்திரி போட்டா அந்த வாரம் கைல இருக்கு, தூங்கிட்டு ஞாயித்துக்கிழமை காலைல போட்டா ஒரு வாரம் போச்சு.

ஏற்கனவே லேட் ஆயிடுச்சா? பின் தேதி போட்டு ஆரம்பிக்கச் சொல்லிக் கேக்கலாம், ஆனா ஏத்துக்குற மாதிரி காரணம் வேணும்: ஆஸ்பத்திரில இருந்தீங்க, வீட்டுல சாவு, தப்பான தகவல் குடுத்துட்டாங்க இந்த மாதிரி, முடிஞ்சா பேப்பரோட. "எனக்கு ரூல் தெரியாது"ன்னு நான் எழுதினேன், அது எடுபடல. லேட் ஆயிடுச்சுன்னு வெறுத்துப்போய் அப்படியே விட்டுடாதீங்க, இன்னிக்கு போட்டா இந்த வாரத்துல இருந்தாவது வரும்.

காத்திருக்காதீங்கன்னு சொன்னதுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு. தொகைய முடிவு பண்ண கடைசியா முடிஞ்ச அஞ்சு காலாண்டுல முதல் நாலப் பாப்பாங்க. ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள போட்டா போன வருஷம் ஜனவரி டு டிசம்பர் சம்பளம். புதுசா வேலைக்குச் சேந்தவங்க, நடுவுல கேப் விட்டவங்களுக்கு சில நேரம் அடுத்த காலாண்டு பிறக்கிற வரைக்கும் காத்திருந்தா தொகை ஏறும். ரெகுலரா ஐடி சம்பளம் வாங்கினவங்களுக்கு அந்தக் கவலை இல்ல, எப்படியும் உச்சவரம்பு 450தான்.

ஸ்டெப் 3: ஆன்லைன்ல ஃபைல் பண்றது

ஈடிடி சைட்ல மைஈடிடின்னு அக்கவுன்ட் திறந்து அதுக்குள்ள யூஐ ஆன்லைன் (யூஐன்னா அன்எம்ப்ளாய்மென்ட் இன்ஷூரன்ஸ்). கைல வச்சுக்க வேண்டியது: சோஷியல் செக்யூரிட்டி நம்பர், அடையாள அட்டை, ஈஏடி அல்லது க்ரீன் கார்டு, கடைசி 18 மாசத்துல வேலை பாத்த எல்லா கம்பெனியோட பேர், அட்ரஸ், தேதிகள், சம்பளம், கடைசி வாரத்தோட க்ராஸ் சம்பளம். ஐடி.மீங்கிற அடையாளம் சரிபாக்குற சைட்ல செல்ஃபி எடுத்து அடையாளம் காட்டச் சொல்லும், நல்ல வெளிச்சத்துல எடுங்க. பாஸ்போர்ட்ல, சோஷியல் செக்யூரிட்டி கார்டுல, பே ஸ்டப்ல பேர் ஒரே மாதிரி இருக்கான்னு முன்னாடியே பாத்துக்குங்க. அப்பா பேர லாஸ்ட் நேமா போட்டு ஒண்ணு, இனிஷியல் விரிச்சு ஒண்ணுன்னு நம்ம பேருங்க படுற பாடு இருக்கே.

காரணம் கேக்குற இடத்துல ரொம்ப வளவளன்னு எழுதாதீங்க. லே ஆஃப்னா "வேலை இல்லாததால நிறுத்தப்பட்டேன்"ங்கிற ஆப்ஷன், அதோட நிறுத்திக்கணும். கம்பெனிக்கும் நோட்டீஸ் போகும், ரெண்டு பேரும் சொல்றது ஒத்துப்போகணும்.

கொஞ்ச நாள்ல அவார்டு நோட்டீஸ் வரும். வாரத்துக்கு எவ்வளவு, காலாண்டு வாரியா என்ன சம்பளம்னு அதுல இருக்கும். சம்பளம் விட்டுப்போயிருந்தா சும்மா இருக்காதீங்க, டபிள்யூ-2 (கம்பெனி குடுக்குற வருஷாந்திர சம்பள ஃபார்ம்), பே ஸ்டப் வச்சு திருத்தச் சொல்லுங்க. வாரத் தொகை 40ல இருந்து 450 வரைக்கும், அதிகபட்சம் 26 வாரத்துக்கான காசு. கால்ஜாப்ஸ்ல (மாநிலத்தோட வேலை தேடுற சைட்) ரெஸ்யூமே ஏத்தச் சொல்லியிருந்தா அதையும் முடிச்சுடுங்க.

ஸ்டெப் 4: ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா சர்டிஃபை

க்ளெய்ம் போட்டாச்சு காசு தானா வந்துடும்னு நினைச்சு பாதி பேர் இங்க கோட்டை விடுறாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ உள்ள போய் கேள்விகளுக்கு பதில் சொன்னாதான் காசு. முதல் வாரம் வெயிட்டிங் வீக், அதுக்குக் காசு இல்ல, ஆனா அதுக்கும் சர்டிஃபை பண்ணியே ஆகணும், பண்ணலன்னா அந்த வெயிட்டிங் முடிஞ்சதாவே கணக்குல வராது.

கேள்விங்க சின்னதுதான்: உடம்பு சரியில்லாம இருந்தீங்களா, வேற காரணத்தால வேலைய ஏத்துக்க முடியாம இருந்ததா, வேலை தேடினீங்களா, வந்த வேலைய வேணாம்னீங்களா, படிக்க ஆரம்பிச்சீங்களா, வேலை பாத்தோ வேற விதமாவோ சம்பாதிச்சீங்களா. அவசரத்துல ஒண்ணு மாத்தி க்ளிக் பண்ணா பேமென்ட் நின்னு ஃபோன் இன்டர்வியூ வரைக்கும் போகும். எங்கெங்க அப்ளை பண்ணீங்க, தேதி, யார்கிட்ட பேசினீங்கன்னு ஒரு ஷீட் வச்சுக்குங்க.

வேலை போச்சு, சரி ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வரலாம்னு நம்ம எல்லாருக்கும் தோணும். போங்க, ஆனா மதுரைல இருந்துகிட்டு "வேலைக்கு ரெடியா இருந்தேன்"னு சர்டிஃபை பண்ணக்கூடாது, அந்த வாரங்களுக்கு வேலைய ஏத்துக்க முடியாதுன்னுதான் உண்மையச் சொல்லணும், காசு வராது. பொய் சொல்லி மாட்டினா வாங்கினதத் திருப்பிக் கட்டணும், அதுக்கு மேல 30 சதவீதம் அபராதம், அப்புறம் வர வேண்டிய வாரங்களும் கட் ஆகும்.

நடுவுல ஃப்ரெண்டு கம்பெனிக்கு கொஞ்சம் வேலை பாத்தீங்கன்னா எப்ப காசு வந்துச்சுன்னு இல்ல, எந்த வாரம் வேலை பாத்தீங்களோ அந்த வாரத்துல, பிடித்தத்துக்கு முன்னாடி உள்ள தொகையக் காட்டணும். 25 டாலர் இல்லன்னா சம்பாதிச்சதுல 25 சதவீதம், இதுல எது பெருசோ அத விட்டுட்டு மீதிய கழிப்பாங்க. ஒரு வாரம் 200 சம்பாதிச்சா 50 விட்டு 150 கழியும், கைக்கு 300.

லேட்டா சர்டிஃபை பண்ணா? அந்த ரெண்டு வாரத்தோட கடைசி சனிக்கிழமைல இருந்து 14 நாளுக்குள்ள போடணும், தாண்டினா ஏன் லேட்டுன்னு காரணம் கேப்பாங்க, அது சரியில்லன்னா அந்த வாரங்க போயிடும். ஃபோன்ல ரிமைண்டர் வச்சுடுங்க, வேலை இல்லாதப்போ செவ்வாய் எது ஞாயிறு எதுன்னே தெரியாது, அனுபவத்துல சொல்றேன்.

கிடையாதுன்னு லெட்டர் வந்தா அதோட தேதில இருந்து 30 நாளுக்குள்ள அப்பீல் பண்ணலாம், விசாரிக்கிறது தனி ஜட்ஜ். ஒரு முக்கியமான விஷயம், அப்பீல் நடக்குற வரைக்கும் சர்டிஃபை பண்றத நிறுத்தாதீங்க, ஜெயிச்சாலும் சர்டிஃபை பண்ண வாரங்களுக்குத்தான் காசு.

ஸ்டெப் 5: டாக்ஸ்

ஆமா, வேலை இல்லாதவனுக்குக் குடுக்குற காசுக்கும் டாக்ஸ் உண்டு. 1978 வரைக்கும் இல்ல, அப்புறம் சிலருக்கு ஒரு பகுதிக்கு, 1987ல இருந்து முழுசுக்கும். கோவிட் சமயத்துல 2020 வருஷத்துக்கு மட்டும், வருமானம் 1,50,000 டாலருக்குக் கீழ இருந்தவங்களுக்கு முதல் 10,200 டாலருக்கு விலக்கு குடுத்தாங்க, அந்தச் செய்திய இன்னும் ஞாபகம் வச்சுகிட்டு டாக்ஸ் இல்லன்னு சொல்றவங்க இருக்காங்க. அது ஒரு வருஷத்தோட முடிஞ்சுது.

ஃபெடரலுக்கு உண்டு, கலிஃபோர்னியா மாநில டாக்ஸ் இதுக்குக் கிடையாது. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமும் இல்ல.

க்ளெய்ம் போடும்போதே 10 சதவீதம் ஃபெடரல் டாக்ஸ் பிடிச்சுக்கவான்னு கேக்கும், ஆமான்னு சொல்லுங்க. 10க்கு மேல கேட்டாலும் பிடிக்க மாட்டாங்க, ஒரே ரேட்தான். 450ல 405 வரும், கை கடிக்கும்தான். நான் வேணாம்னு போட்டேன், அப்ப ஒவ்வொரு டாலரும் வேணும்னு இருந்துச்சு. ஆனா கணக்கு பாருங்க: 26 வாரமும் முழுசா வாங்கினா 11,700. வீட்டுக்காரம்மாவுக்கு நல்ல சம்பளம், சேந்து ஃபைல் பண்றோம், 22 சதவீத ப்ராக்கெட்னா இதுக்கு மட்டும் 2,574 டாக்ஸ். 10 சதவீதம் பிடிச்சிருந்தாலும் 1,170தான் போயிருக்கும், இன்னும் 1,404 பாக்கி. அதனால ரெண்டு பேர் சம்பாதிக்கிற வீடுன்னா வேலைல இருக்குறவங்க டபிள்யூ-4ல (சம்பளத்துல எவ்வளவு டாக்ஸ் பிடிக்கணும்னு கம்பெனிக்குச் சொல்ற ஃபார்ம்) கூடுதலா கொஞ்சம் பிடிக்கச் சொல்லிடுறதுதான் சுலபம். இல்லன்னா ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15 தேதிகள்ல எஸ்டிமேட்டட் டாக்ஸ் கட்டலாம்.

ஜனவரி கடைசிக்குள்ள 1099-ஜிங்கிற ஃபார்ம் வரும், மைஈடிடிலயும் எடுக்கலாம். பாக்ஸ் 1ல வாங்கின தொகை, பாக்ஸ் 4ல பிடிச்ச டாக்ஸ். அது 1040ஓட (ஃபெடரல் டாக்ஸ் ரிட்டர்ன் ஃபார்ம்) ஷெட்யூல் 1ல 7வது வரில போகும், சாஃப்ட்வேர்ல ஃபார்ம் பேரப் போட்டாலே கேக்கும். கலிஃபோர்னியா ரிட்டர்ன்ல இந்தத் தொகை கழிஞ்சிருக்கான்னு ஒரு தடவ கண்ணால பாருங்க. ஃபார்ம் கைக்கு வரலங்கிறதால காட்டாம விடாதீங்க, ஒரு காப்பி ஐஆர்எஸ்ஸுக்கும் (ஃபெடரல் வரித் துறை) போயிருக்கும்.

கட்ட காசு இல்ல, டாக்ஸ் கெடு ஏப்ரல் 15 வந்துடுச்சுன்னா

காசு இல்லன்னு ரிட்டர்னையே ஃபைல் பண்ணாம விடுறதுதான் பெரிய தப்பு. லேட்டா ஃபைல் பண்ணா பாக்கில மாசத்துக்கு 5 சதவீதம், 25 வரைக்கும் ஏறும். ஃபைல் பண்ணிட்டு கட்டாம இருந்தா மாசத்துக்கு அரை சதவீதம், அதோட வட்டி. 1,404 பாக்கிக்கு ஒரு பக்கம் மாசம் 70 டாலர், இன்னொரு பக்கம் 7 டாலர். ஆக தேதிக்குள்ள ஃபைல் பண்ணுங்க, முடிஞ்சத கட்டுங்க, மீதிக்கு ஐஆர்எஸ் சைட்லயே தவணை கேட்டுடுங்க, நான் 6 மாசத்துல அடைச்சேன்.

4868ங்கிற ஃபார்ம் போட்டா அக்டோபர் 15 வரைக்கும் டைம் கிடைக்கும், அது ஃபைல் பண்ணத்தான் டைம், கட்ட இல்ல. பழைய வருஷம் ஒண்ண ஃபைல் பண்ணாம விட்டுட்டீங்க, அதுல ரீஃபண்ட் வரவேண்டியிருந்தா கெடு தேதில இருந்து 3 வருஷம் வரைக்கும் கேக்கலாம், அதுக்கப்புறம் அந்தக் காசு கவர்மென்ட்டுக்கே.

சரி, இத படிக்கிறப்போ உங்களுக்கு வேலை போய் ரெண்டு மூணு நாள்தான் ஆகுதுன்னா, இந்த சனிக்கிழமைக்குள்ள ஸ்டெப் 3.