கார்டு பூட்டியிருப்பதாகச் சொன்ன கேமரா

அக்கா மகளின் காதுகுத்துக்குப் படம் எடுக்கலாம் என்று கையடக்க கேமராவை ஆன் செய்தால், படங்கள் பதிவாகும் எஸ்டி மெமரி கார்டு பூட்டியிருக்கிறது என்று திரையில் ஒரே பிடிவாதம். பேட்டரியைக் கழற்றி மாட்டியும் பலனில்லை. கார்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் புரிந்தது: கார்டைப் பூட்டவும் திறக்கவும் இடது விளிம்பில் இருக்க வேண்டிய அந்தக் குட்டித் தள்ளுபொத்தானைக் காணோம். உடைந்து எங்கோ விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் வெறும் பள்ளம்.

எஸ்டி கார்டில் அந்தப் பொத்தானுக்கும் உள்ளிருக்கும் சிப்புக்கும் மின்தொடர்பே கிடையாது. கார்டு செருகும் குழிக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச்தான் விளிம்பைத் தொட்டுப் பார்க்கிறது. பள்ளம் தட்டுப்பட்டால் பூட்டு என்று எடுத்துக்கொள்ளும்.

சரி, பள்ளத்தை மூடினால் போதுமே! செலோடேப்பில் மெல்லிய துண்டு நறுக்கி, விளிம்பைச் சுற்றி ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தேன். பின்பக்கத் தங்கநிறத் தகடுகள்மேல் டேப் படவே கூடாது. கார்டின் தடிமனே 2.1 மில்லிமீட்டர்தான், இரண்டு மூன்று சுற்று ஒட்டினால் குழிக்குள் சிக்கிக்கொள்ளும்.

மாட்டியதும் முதல் படம் பதிவானது. தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழுத படமும் கிடைத்துவிட்டது, அது போதும் எனக்கு. அன்றிரவே எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றினேன். அப்புறம் புதுக் கார்டு வாங்கிவிட்டேன்.